மாமனார் இமையில் ஒரு பரீட்சை

மாமனாரின் இரண்டு கண்களையும் டேப் போட்டு ஒட்டி முடித்த பிறகுதான், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது பிளாஸ்திரிக்கு உறைத்தது.

பிளாஸ்திரி என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். மயக்க மருந்து கொடுக்கும் இடத்தில் டெக்னீஷியன். ஆபரேஷன் தியேட்டரில் மற்றவர்கள் எல்லோரும் நோயாளியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஒருவர்தான் முகத்தைப் பார்ப்பார். மயங்கிக் கிடப்பவருக்கு இமை சரியாக மூடாது, சிமிட்டவும் வராது. அப்படியே விட்டால் விழி காய்ந்து புண்ணாகிவிடும். அதனால் இமையை மெல்ல மூடி, மேலே மெல்லிய டேப்பை ஒட்டிவிடுவார்.

ஒட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். எடுப்பதற்குத்தான் ஆள் வேண்டும். இமைத்தோல் வெங்காயச் சருகு மாதிரி, அவசரப்பட்டால் டேப்போடு வந்துவிடும். இவர் எடுத்து ஒருவருக்கும் அப்படி வந்ததில்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்த விஷயத்தில் மனிதர் கில்லாடி. பெரிய சர்ஜனே கத்தியைத் தொடுவதற்கு முன், "பிளாஸ்திரி, கண்ணு ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அந்த ஒரு கேள்விக்கு இவர் நெஞ்சு சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு விரியும்.

வீட்டில்தான் அந்த நெஞ்சுக்கு மரியாதை இல்லை.

"நாளன்னிக்கு ஆபரேஷன். உன் கண்ணை நான்தான் பார்த்துக்கப் போறேன். அப்புறம் என்ன பயம்?" என்று அன்று மத்தியானம் மனைவியிடம் கேட்டார்.

"அதுதாங்க பயமே."

அவளுக்குப் பித்தப்பையில் கல். இரண்டு தடவை தேதி வாங்கி இரண்டு தடவையும் தள்ளிப்போட்டாயிற்று. இனிமேல் தள்ளினால் விபரீதமாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் அவளுடைய அக்காவுக்கு வேறெங்கோ ஆபரேஷன் நடந்தபோது, வயிற்றுத் தையல் ஆறிய பிறகும் உரிந்த இமை ஆறவில்லை. அதிலிருந்து இவளுக்கு டேப் என்றாலே பயம்.

"நான் தையல்காரி. கண்ணு போச்சுன்னா ஊசியில நூல் கோக்க நீங்க வருவீங்களா?"

"நான் எடுத்தா ஒண்ணும் ஆகாதும்மா."

"ஆமா. கண்ணாடியை மாட்டறேன்னு சுவத்துல டேப் ஒட்டினீங்க. எடுக்கறப்ப பெயிண்ட் மொத்தமும் கையோட வந்துச்சு."

"அது சுவரு!"

"சரி, சுவரு வேணாம். அதோ எங்கப்பா தூங்கறார். அவர் இமையில ஒட்டி, அவர் முழிச்சுக்காம எடுத்துக் காட்டுங்க. நான் வாயைத் திறக்காம வந்து படுத்துக்கறேன். இல்லேன்னா ஆளை விடுங்க, இந்தக் கல்லோடயே காலத்தை ஓட்டிக்கறேன்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் பேச்சுக்குத்தான் சொன்னாள். ஆனால் போன வாரம் வலியில் அவள் சுருண்டு கிடந்ததைப் பார்த்தவர் பிளாஸ்திரி. அவருக்கு அது பேச்சாகப் படவில்லை.

சாய்வு நாற்காலியில் மாமனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தூங்கும்போதும் பாதிக் கண் திறந்தே இருக்கும். அவர் தூங்கிய பெட்டியில்கூட டிக்கெட் இல்லாமல் ஏற ஒருத்தனுக்கும் துணிச்சல் வந்ததில்லை என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் அவர் பேசியது "ம்" மட்டும்தான்.

அந்தப் பாதிக் கண்ணில் மின்விசிறிக் காற்று நேராக அடித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்திரிக்குக் கை சும்மா இருக்குமா? சோப்புப் போட்டுக் கை கழுவினார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். இமையை மூடி, ஓரத்தை மடித்துவிட்டு ஒட்டினார். பார்க்கவே அழகாக இருந்தது.

குறட்டை நின்றது. அதே நேரம் வாசல் மணி அடித்தது.

"கதவைத் திறங்க! அக்காவாத்தான் இருக்கும்!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

போச்சுடா என்று நினைத்தார் பிளாஸ்திரி. டேப்பை மறைக்க மாமனாரின் மூக்குக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். அது வழுக்கி மடியில் விழுந்தது. மணி மறுபடியும் அடித்தது. வேறு வழி தெரியாமல், கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி மாமனாரின் முகத்தை மூடிவிட்டுக் கதவைத் திறந்தார்.

அக்கா உள்ளே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். வெள்ளைத் துணி, அசைவில்லாத உடம்பு, குறட்டையும் இல்லை.

"ஐயோ அப்பா! ஒரு போன்கூடப் பண்ணலையே பாவிங்களா!"

"அக்கா, அக்கா, அவர் நல்லாத்தான் இருக்கார்" என்று பதறிப்போய்த் துண்டை உருவினார் பிளாஸ்திரி.

அதற்கு உருவாமலே இருந்திருக்கலாம்.

"கண்ணை எடுத்துட்டாங்களே! கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்தாரேன்னு இதுக்குள்ளயா எடுத்துட்டாங்க!"

கரண்டியோடு ஓடிவந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "என்னங்க இது? நான் ஒரு பேச்சுக்குச் சொன்னா நிஜமாவே ஒட்டிடுவீங்களா?"

"நீதானே சொன்னே!"

"எங்கப்பா இமையில ஒரு பொட்டுத் தோல் வந்துச்சுன்னு வைங்க, ஆபரேஷன்ங்கிற பேச்சையே இந்த வீட்டுல எடுக்கக்கூடாது!"

"தள்ளுங்க தம்பி, இதெல்லாம் சட்டுன்னு இழுத்துடணும்" என்று, தன் இமை உரிந்த கதையையே மறந்து, அக்கா நுனியைப் பிடித்தாள்.

"கையை எடுங்க."

அந்தக் குரலை அவர் மனைவி அதுவரை கேட்டதில்லை. வீட்டில் தண்ணீர் கேட்கும் குரல் இல்லை அது. அக்கா கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

பிளாஸ்திரி குனிந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து டேப்பின் மேல் ஒற்றினார். ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டேப்பை மேலே தூக்காமல், அதன் முதுகின் மேலேயே மடித்து மடித்துப் பின்னால் கொண்டுபோனார். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டியது, யாரும் கவனிக்கவில்லை. ஒரு கண் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது.

மனைவி டேப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பட்டுத் துணியில் இழை தேடுகிற பார்வை. ஒரு இமைமுடிகூட ஒட்டியிருக்கவில்லை. அப்பாவின் இமையைப் பார்த்தாள். சிவப்பில்லை, சுருக்கம்கூட இடம் மாறவில்லை.

"இவ்வளவு நல்லா வேலை பார்ப்பீங்களா நீங்க?" என்றாள். புருஷனை நினைத்துப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"ஆனா அப்பா கண்ணைத் திறக்கலையேடி!" என்றாள் அக்கா. "எப்பவும் பாதிக் கண்ணு திறந்திருக்குமே! இப்ப முழுசா மூடிட்டாரே!"

பிளாஸ்திரி மாமனாரின் கையை எடுத்தார். நாடியைப் பிடித்தார். அது ரயில் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா! பயமா இருக்குப்பா, கண்ணைத் திறங்கப்பா!"

மாமனாரின் உதடு மட்டும் அசைந்தது.

"எப்படிம்மா திறக்கறது? நீ சொன்னது காதுல விழுந்துச்சு. நீ ஆபரேஷனுக்குப் போகணுமேன்னுதான் அப்பலேருந்து தூங்கற மாதிரியே கிடக்கேன், முதல்ல மாப்பிள்ளையை அந்த டேப்பை எடுக்கச் சொல்லு!"