பிற கடவுள்களைப் பற்றி எங்கள் கம்பெனி எடுத்த முடிவு

உலகத்து ஞானிகள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு மாபெரும் சிக்கலை எங்கள் மெத்தைக் கம்பெனி ஒரு திங்கட்கிழமை காலை, தேநீர் வருவதற்குள் தீர்த்துவைத்தது. மேனேஜர் என்ற முறையில் நானும் அந்தச் சரித்திரக் கூட்டத்தில் இருந்தேன். எனக்கு மெய்சிலிர்த்தது. ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம்.

எங்கள் கம்பெனிக்கு ஒரு கடவுள் உண்டு. அதாவது, முதலாளியின் கடவுள். வரவேற்பறைச் சுவரில் ஆளுயரப் படமாக இருக்கிறார். அவரைக் கும்பிட்ட பிறகுதான் யாரும் வருகைப் பதிவு இயந்திரத்தில் விரல் வைக்கலாம்.

சிக்கல் பொத்தான் அக்காவால் வந்தது. மெத்தையில் வரிசையாகப் பொத்தான் வைத்து இழுத்துத் தைப்பது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். அவருடைய கடவுள் வேறு. அந்தக் கடவுளின் சின்னப் படம் ஒன்றைத் தன் நூல் டப்பாவின் மூடிக்குள் ஒட்டியிருந்தார். சூப்பர்வைசரும் முதலாளியின் மச்சினருமானவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இங்க பாருங்க," என்றார் முதலாளி. "நம்ம சாமிதான் சாமி. அதுல பேச்சே இல்ல. ஆனா மத்த சாமியும் இருக்கலாம். இல்லன்னு சொல்ல நாம யாரு?"

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

"எத்தனை வரைக்கும் இருக்கலாம் சார்?" என்று கேட்டார் ஸ்டோர் கீப்பர். அவருக்கு இருப்பைக் குறித்தே கவலை.

"எத்தனை வேணா இருக்கட்டும்யா. நமக்கென்ன செலவா?"

"எங்க இருக்கலாம் மாமா?" என்றார் மச்சினர்.

"காம்பவுண்டுக்கு வெளியே."

இப்படியாகப் 'பரந்த மனப்பான்மைத் தீர்மானம்' நிறைவேறியது. 'பிற கடவுள்கள் இருக்கலாம். வேலை நேரத்தில், வளாகத்துக்குள் கூடாது' என்ற பலகையை நம் கடவுளின் படத்துக்குக் கீழேயே மாட்டினோம். பொத்தான் அக்கா அதை நின்று படித்தார்.

"ரொம்ப சந்தோஷம் சார். இத்தனை நாளா எங்க சாமி, தான் இருக்கலாமா கூடாதான்னு தெரியாமயே இருந்துட்டாரு பாவம்," என்றார். அந்த நன்றியுணர்வு எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த மாதம் முதலாளியின் கழுத்தில் ஒரு கட்டி கிளம்பியது. டாக்டர் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "எதுவா வேணா இருக்கலாம். முடிவு வர ஒரு வாரம் ஆகும்," என்றார். 'இருக்கலாம்' என்ற சொல்லின் ஆழம் முதலாளிக்கு அன்றுதான் விளங்கியது.

என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். வரவேற்பறைக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம சாமிகிட்ட சொல்லியாச்சு. அவர் பாத்துப்பாரு. இருந்தாலும்..."

"இருந்தாலும்?"

"மத்தவங்களும் இருக்கலாம்னு நாமதானேய்யா தீர்மானம் போட்டோம்!"

பொத்தான் அக்கா வரவழைக்கப்பட்டார்.

"உங்க சாமி காதுல என் விஷயத்தைக் கொஞ்சம் போட்டு வைம்மா."

"வீட்டுக்குப் போனதும் சொல்றேங்கய்யா."

"அதுவரைக்கும் அவர் சும்மா இருக்கணுமா? இங்கயே சொல்லு. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு தடவை."

"அப்ப அந்தப் பலகை?"

"அது மத்தவங்களுக்குத்தாம்மா."

அக்காவும் மனசார வேண்டிக்கொண்டார். ஒரு பொத்தானை இழுத்து முடிச்சுப் போடுவார், கண்ணை மூடுவார், உதடு அசையும், அடுத்த பொத்தான். அந்த வாரம் எங்கள் மெத்தையை வாங்கியவர்கள் எல்லோரும் முதலாளியின் கழுத்துக்கான பிரார்த்தனையின் மேல்தான் புரண்டு படுத்திருக்கிறார்கள்.

முடிவு வந்தது. "பயப்பட ஒண்ணுமில்ல. வெறும் கொழுப்பு," என்றார் டாக்டர். கம்பெனியில் பலருக்கு இது முன்பே தெரியும்.

நன்றி செலுத்த எல்லோரும் வரவேற்பறையில் கூடினோம். முதலாளி நம் கடவுளைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். அந்தப் புனிதமான நேரத்தில் மச்சினர், விளம்பரம் ஓடும் பெரிய டிவியில் கண்காணிப்புக் கேமராப் பதிவைப் போட்டுவிட்டார். பொத்தான் அக்கா, மூடிய கண், அசையும் உதடு.

"வேலை நேரம் மாமா! வளாகத்துக்குள்ள! வாரம் பூரா!"

அக்கா பதறவில்லை. "ஐயாவையே கேளுங்க," என்றார்.

முதலாளி கடவுளைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் மேனேஜருக்குச் சம்பளம்.

"ஐயா, நீங்க சொல்லித்தானே செஞ்சேன்? ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. இந்த வேலையை விட்டா எங்க வீட்டுல அடுப்பு எரியாது."

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது சாமி விஷயம் இல்லம்மா," என்றார் மிகுந்த கனிவோடு. "ஒழுங்கு விஷயம்."

வேலைநீக்க உத்தரவை நானே தயாரித்தேன். பரந்த மனப்பான்மைக்கு இழுக்கு வரக்கூடாது என்பதற்காக, 'தங்கள் கடவுள், இருக்கும் பட்சத்தில், தங்களைக் காப்பாராக' என்று கடைசியில் சேர்த்தேன்.

அக்கா நூல் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். முதலாளிக்கு மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனார்.

"இப்ப நேரா எங்கம்மா போற?"

"வெளியதாங்கய்யா. எங்க சாமி அங்கதானே இருக்கலாம்னு சொன்னீங்க. உங்களுக்காக அத்தனை தடவை அவரைக் கூப்பிட்டேன். நீங்க நல்லாகிட்டீங்க, எனக்கு வேலை போயிடுச்சுன்னு ரெண்டையும் சொல்லிடணும்ல?"

முதலாளியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

அன்று மாலையே அவசரக் கூட்டம். ஒரே ஒரு தீர்மானம்: 'பிற கடவுள்கள் இல்லை.'

"ஒருத்தர்கூடவா சார்?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"ஒருத்தரும் கிடையாது! இருக்கவே கூடாது!" முதலாளி கழுத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஒருமனதாக நிறைவேறியது. நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். பலகையைக் கழற்றினோம்.

நம் கடவுளைப் பற்றி எங்களுக்கு எந்தக் கவலையும் இல்லை. அவர் நீடூழி இருக்கலாம். நடந்த அத்தனையையும் சுவரில் இருந்தபடி அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எங்களைப் போலவே, வாயைத் திறக்கவில்லை.