சாயம் விட்ட சம்பந்தி

கை நரம்பின் நிறத்தைப் பார்த்தால் நமக்கு எந்த நிறச் சட்டை எடுப்பாக இருக்கும் என்று தெரிந்துவிடும் என நான் மனப்பூர்வமாக நம்பினேன். நம்பியபோது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. (சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.)

செல்போனில் ஒரு பெண் சொன்னாள்: நரம்பு பச்சையாகத் தெரிந்தால் மஞ்சள், காவி போடுங்கள்; நீலமாகத் தெரிந்தால் ஊதா, ரோஸ் போடுங்கள். என் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் குடும்பத்துக் கறுப்பில் நரம்பு பச்சையுமில்லை, நீலமுமில்லை. இருக்கிறதா என்பதே சந்தேகம். வியர்த்துவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாள் என் மகள் நித்யாவுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முன்பு வந்த வரன், என் கழுத்திலிருந்த தேமலைப் பார்த்து, “குடும்பத்துல தோல் வியாதி இருக்குதாமே” என்று கழன்றுகொண்டது. இந்தப் பையனை நித்யாவுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. “இந்த வாட்டி உன் கழுத்து யார் கண்ணுலயும் படக்கூடாதுப்பா” என்று சொல்லியிருந்தாள். பார்க்கிறவர்கள் கண் கழுத்துக்குப் போகாதபடி முகம் பிரகாசிக்க வேண்டும். அதற்குத்தான் நிறம் தேடினேன்.

நரம்பு இல்லாதவர்களுக்கு அந்தப் பெண்ணே வேறு வழியும் சொல்லியிருந்தாள். வெயிலில் நின்று, பல நிறத் துணிகளை மாற்றி மாற்றித் தாடைக்குக் கீழே பிடிக்க வேண்டும். முகம் எதில் பளிச்சென்று ஆகிறதோ அதுதான் நம் நிறம்.

காஞ்சிபுரத்தில் இதற்கு ஜவுளிக் கடைக்குப் போகிறவன் முட்டாள். நான் புத்திசாலி. பள்ளித் தோழன் தாமோதரனின் சாயப் பட்டறைக்குப் போனேன். வெயிலில், மூங்கில் கழிகளில், உலகத்தின் அத்தனை நிறங்களிலும் பட்டு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. தாமோதரன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நானே நூல் கற்றைகளுக்கு நடுவே தாடையை நுழைத்து, செல்போனில் முகம் பார்த்தேன். மாம்பழ மஞ்சளில் காமாலைக்காரன். கிளிப்பச்சையில் கீரைக்கட்டுக்கு மேல் வைத்த கத்தரிக்காய். வாடாமல்லியில்தான் முகம் பளிச்சென்று ஆனது. ஆகிக்கொண்டே போனது.

“டேய் மச்சான்! இன்னாடா பண்ணிக்கினு இருக்குற? அது இன்னும் அலசாத நூலுடா!”

தாடையிலிருந்து மார்பு வரை வாடாமல்லி வழிந்துகொண்டிருந்தது.

“சோப்பு போட்டா போயிடும் இல்ல?” என்றேன்.

“பட்டுக்குப் புடிக்கிற சாயம் தோலுக்கும் நல்லாப் புடிக்கும் மச்சான்” என்றான், தொழில் பெருமையோடு.

வீட்டுக் குளியலறையில் சோப்பு, எலுமிச்சை, சீயக்காய், கடைசியில் மண்ணெண்ணெய் எல்லாம் போட்டேன். சாயம் போகவில்லை, கன்னத்துக்குக் குடிபெயர்ந்தது. என் மனைவி கோமதி கதவைத் திறந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “தேமலோட வுட்டிருந்தா பத்தாதா உங்களுக்கு?”

மறுநாள் காலை நித்யாவுக்கு அலங்காரம் செய்ய வந்த பெண்ணிடமே என்னை ஒப்படைத்தார்கள். “அங்கிள் ஸ்கின் டோனுக்கு என்கிட்ட ஷேடு இல்லியேக்கா” என்றவள், இருந்ததையெல்லாம் குழைத்து கழுத்து வரை பூசினாள். கண்ணாடியில் யாரோ நின்றார். பரவாயில்லை, அவருக்குத் தோல் வியாதி இல்லை.

மண்டபத்தில் தட்டு மாற்றுவதற்கு முன் சம்பந்திகள் சந்தனம் பூசிக்கொள்ளும் வழக்கத்தை நாங்கள் எல்லோருமே மறந்திருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா பாசக்காரர். கன்னத்திலும் கழுத்திலும் அள்ளிப் பூசி, அதிகமானதைத் துண்டால் அழுத்தித் துடைத்தும் விட்டார். துண்டோடு என் முகமும் போயிற்று.

“ஐயய்யோ, தோலு உரியுதே!” என்று யாரோ ஒரு அம்மாள் கத்தினாள். மேடையில் நித்யா என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். “அண்ணா, கழுத்தக் காட்டுங்க.”

எங்கள் ஊரில் பட்டு வாங்குகிறவர்கள் கைக்குட்டையை நனைத்துப் புடவை ஓரத்தில் தேய்த்துப் பார்ப்பார்கள். அந்த அம்மாள் கைக்குட்டையைப் பன்னீரில் நனைத்து என் கழுத்தில் தேய்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் உற்றுப் பார்த்தார். மண்டபமே அவர் பின்னால் எட்டிப் பார்த்தது.

“சாயம்தான். வியாதி கியாதி ஒண்ணும் இல்ல” என்றார். அப்புறம், “ஆனா கெட்டிச் சாயம் இல்லண்ணா, வுடுது!”

முதலில் சிரித்தது நித்யா.

நரம்பிலிருந்து தொடங்கி, தேமல் உட்பட, நடந்ததையெல்லாம் மைக் பிடிக்காத குறையாக நான் ஒப்பித்து முடித்த பிறகு தட்டு மாற்றினார்கள். கல்யாணமும் முடிந்து, பேரனும் பிறந்துவிட்டான். சம்பந்தியம்மா இன்றும் பட்டெடுக்கப் போனால் கடைக்காரரிடம், “எங்க சம்பந்தி மாதிரி சாயம் வுடாதே?” என்றுதான் கேட்கிறார்.

இத்தனை பாடுபட்டு நிறம் தேடிய நான் அன்று போட்டிருந்தது, எல்லாப் பெண்களின் அப்பாக்களும் போடுகிற வெள்ளைச் சட்டை.