சகலை இறுக்கிய சக்கரம்

அன்புள்ள இளைய சகலை அவர்களுக்கு,

இங்கே யாவரும் நலம். நீங்களும் கொழுந்தியாளும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை.

போன மாதம் விருந்தாளியாக வந்த நீங்கள் சும்மா இருக்காமல், பஞ்சராகிக் கிடந்த என் காரின் சக்கரத்தை மாற்றிக் கொடுத்தீர்கள். அதுவும் எப்படி? ஒரு நட்டைக் கொஞ்சம் இறுக்கி, பக்கத்து நட்டை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் தாவி, மாறி மாறி இறுக்கி, கடைசியில் அந்த நீளமான ஸ்பேனரை எடுத்து, அளவு வந்ததும் அது 'டக்' என்றவுடன் கையை எடுத்துவிட்டீர்கள். அந்த 'டக்'கில் என் மனைவி சொக்கிப் போனாள். அன்றிலிருந்து குக்கர் மூடி சிக்கினாலும் உங்கள் பேச்சு, குழாய் ஒழுகினாலும் உங்கள் பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டு ஜாம் பாட்டிலை எல்லாம் நான்தான் திறந்து கொடுக்கிறேன். அதற்கு ஒரு வார்த்தை கிடையாது.

வயிறு எரிந்தது சகலை, மறைக்க என்ன இருக்கு. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கி, நீங்கள் இறுக்கிய நட்டுகளை எல்லாம் கழற்றி நானே திரும்ப மாட்டினேன். உங்களைவிட ஒரு பிடி கூடுதலா இறுக்கணும், அவ்வளவுதான் ஆசை. எதிர்ப்பக்கம் தாவுற வேலையெல்லாம் நமக்கெதுக்குன்னு வரிசையா இறுக்கிக்கிட்டே போனேன். கை வலு பத்தலை, ஸ்பேனர் மேலே ஏறி நின்னேன். உங்க ஸ்பேனருக்கு மட்டும்தான் சத்தம் வருமா, எனக்கும் வந்துச்சு: போல்ட்டு முறிஞ்சு நான் தரையில உட்கார்ந்த சத்தம். சரியா அப்போதான் அவ பையோட வந்து நிக்கிறா. சகலை இறுக்கினதுல ஏதோ கோளாறுன்னு வாய் கூசாம சொன்னேன். கையில ஸ்பேனரோட தரையில கிடந்துகிட்டுச் சொன்னா யார் நம்புவா?

"அவருக்குப் போதும்னா நிறுத்தத் தெரியுது. உங்களுக்கு அதுதான் தெரியலை," என்றாள். அதோடு மாடிக்குப் போனவள்தான்; இன்றுவரை என்னோடு பேச்சில்லை.

ஆகவே, இனி இங்கே வந்தால் விருந்தாளியாக மட்டும் வாருங்கள். என் காரைத் தொட வேண்டாம். கொழுந்தியாளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லாரும் நீடூழி வாழ்க, கொஞ்சம் தள்ளியே வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மூத்த சகலை

பின்குறிப்பு: மிச்ச நட்டுகள் அசைய மாட்டேங்குது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் தெருவே சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்பேனரோடு வந்துவிடுங்கள். புது போல்ட்டு நான் வாங்கி வைக்கிறேன். ஒரே ஒரு உதவி: என் மனைவி பக்கத்தில் நிற்கும்போது, இறுக்குகிற கையை நிறுத்தி, "இவ்வளவு போதுமாண்ணே?" என்று என்னை ஒரு தடவை கேளுங்கள்.