நாலு சக்கரமும் மொட்டைமாடியில்

"நட்டு கிடக்கட்டும். முதல்ல அவன் மூஞ்சியைப் பாரு" என்றார் ஸ்டோர் கீப்பர், காருக்குப் பக்கத்தில் குந்தியபடி.

மனைவி வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எதிர்ச்சாரி மரத்தடியில் ஸ்கூட்டர் மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலையில் ஹெல்மெட், கையில் போன்.

"மூஞ்சி எங்க தெரியுது? ஹெல்மெட்டுல்ல போட்டிருக்கான்!"

"அதைத்தான் சொல்றேன். நிழல்ல சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதுக்கு ஹெல்மெட்?"

"அவன் கிடக்கட்டுங்க. நீங்க உள்ள வந்து படுங்க. யாராவது பார்த்தா..."

"நான் படுத்தா காரு போயிடும்."

பம்பு கம்பெனியில் இருபது வருஷமாக உதிரிபாகங்களைக் காவல் காக்கிறவர் அவர். வாஷர் ஒன்று குறைந்தாலும் கதவைச் சாத்தி எல்லோர் சட்டைப் பையையும் பார்ப்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் கிளம்பியதும் டம்ளர்களை எண்ணுவார். இன்று செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் நின்ற காரின் முன்சக்கரம் சப்பையாகக் கிடந்தது. அதில் ஓர் ஆணி. ஆணி தானாக நடந்து வராது என்பது அவர் கட்சி.

வேலையில் மட்டும் அவர் குறை வைக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். கியரில் விட்டார். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திக்கொண்டார். பிறகுதான் ஜாக்கியைச் சுழற்றினார். கார் ஏறவில்லை, ஈரமண்ணில் ஜாக்கிதான் இறங்கியது. வண்டி லேசாகச் சாய்ந்தது.

"கெடுத்தான் பாவி!" என்றார் ஸ்கூட்டரைப் பார்த்து.

"அவன் அங்க இருக்கான். ஜாக்கி இங்க இருக்கு" என்றாள் மனைவி.

அவர் கொல்லைப்பக்கம் போய், துணி துவைக்கும் கல்லைப் பெயர்த்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு லாரி டிரைவர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"கல்லு மேல ஜாக்கி வைக்காதீங்க சார், வழுக்கும். தடியான பலகை போடுங்க."

கல்லை அப்படியே திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, பலகையோடு வந்தார். இந்த முறை கார் ஒழுங்காக ஏறியது. நிமிர்ந்து பார்த்தால், ஸ்கூட்டர்காரன் போனை நெற்றிக்கு நேராகப் பிடித்திருந்தான்.

"படம் எடுக்கிறான்டி! வீட்டுல ஆம்பளை எப்படின்னு அளவெடுக்கிறான்."

"ஐயோ! அப்ப உள்ள வாங்களேன்!"

"உள்ள வந்தா நோஞ்சான்னு நினைச்சிடுவான். இரு, காட்டறேன்."

ஸ்டெப்னியை டிக்கியிலிருந்து எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, காரை ஒரு முறை சுற்றி வந்து மாட்டினார். அதற்கு அவசியமே இல்லை. ஸ்கூட்டர்காரன் ஓடவில்லை. வண்டியை உருட்டிக்கொண்டு இன்னும் கிட்டத்தில் வந்து நிறுத்தினான்.

ஸ்டோர் கீப்பருக்கு அப்போதுதான் அந்த யோசனை உதித்தது.

"சக்கரமே இல்லாத காரை எவன் திருடுவான்? நாலையும் கழட்டி மொட்டைமாடியில வச்சுப் பூட்டிடறேன்."

"இப்பத்தானே ஒண்ணை மாட்டினீங்க!"

"அதையும் சேர்த்துத்தான்."

லாரி டிரைவர் இது காதில் விழுந்ததும் நாலு இரும்பு ஸ்டாண்டுகளை மதில் வழியாக இறக்கினார். "ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியை விட்டுடாதீங்க சார். ஸ்டாண்டுல உட்கார வைங்க. அடியில தலையைக் குடுக்காதீங்க."

ஸ்டோர் கீப்பர் மனைவியின் காதருகே குனிந்தார். "இவரு எதுக்கு இவ்வளவு தாராளமா இருக்காரு? ரெண்டு பேரும் கூட்டா இருந்தா?"

"அவரு குடுக்கறாருங்க. எடுக்கலை."

ஒவ்வொரு மூலையாகத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, அசைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். ஒரு மணி நேரத்தில் கார் கால் இல்லாத கட்டில் மாதிரி நின்றது. பிறகு சக்கரங்களைத் தோளுக்கு ஒன்றாக, இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

மனைவி கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே ஓடினாள். "வேணாங்க, சொன்னா கேளுங்க. பார்க்கிறான்!"

"பார்க்கட்டும்னுதானே தூக்கறேன்!"

மொட்டைமாடிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே வந்தார். ஸ்கூட்டர்காரன் போன் வேலை முடிந்து, இப்போது ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். ஸ்டோர் கீப்பருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கேட்டைத் திறக்கப் பொறுமையில்லை. மதிலில் ஒரு கையை ஊன்றி, ஒரே தாவில் தெருவில் குதித்தார். அவன் ஸ்டார்ட் செய்து கிளம்புவதற்குள் ஸ்கூட்டரின் பின்புறத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டார். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது.

"யார்றா நீ? எதுக்குடா என் வீட்டை நோட்டம் விடறே?"

அவன் அவசரப்படாமல் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். சின்ன வயசு, சாதுவான முகம். நோட்டை மூடி, பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னான்:

"வணக்கம் சார், உங்க கம்பெனியிலேர்ந்துதான் அனுப்பினாங்க. ஸ்டோர்ல முதுகெலும்பு விலகி, ரெண்டு மாசமா புரண்டுகூடப் படுக்க முடியாம லீவுல இருக்கிற ஒருத்தரை நேர்ல பார்த்து எழுதிட்டு வரச் சொன்னாங்க. அது நீங்கதானே சார்?"