விளக்குக்காரியை மூழ்கடித்தது யார்?

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரி இடது பக்கம் ஒழுங்காகத்தான் புறப்படுகிறது, வலது பக்கம் போய்ச் சேர்வதற்குள் ஒரு மாடி ஏறிவிடுகிறது. எழுதும்போது என் நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று உங்கள் மாமியார் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இந்த வயதில் முதன்முதலாக என் கையால் எழுதும் கடிதம் இது, அதுவும் புகார்க் கடிதம். எழுதுகிற சந்தோஷத்தில் புகாரைச் சொல்ல மறந்துவிடுவேனோ என்று பயமாக இருப்பதால் உடனே சொல்லிவிடுகிறேன்.

நான் கணினியில் வாசித்து விளையாடும் அந்த விஷுவல் நாவலை உங்கள் ஸ்டுடியோ அனிமே என்கிற ஜப்பான் பாணிக் கார்ட்டூன் தொடராக எடுக்கிறது. திரைக்கதை உங்களுடையது. ஒளிபரப்புக்கு முன்னால் பார்க்கச் சொல்லி மூன்று பகுதிகளை எங்களுக்கு அனுப்பினீர்கள். பார்த்தேன். மூன்றாவது பகுதியில், கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண், நம் விளக்குக்காரி, கடலில் மூழ்கிச் செத்துப்போகிறாள். மாப்பிள்ளை, அவள் சாகவில்லை. எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன்.

நான் படிக்கக் கற்றுக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். மாலை வகுப்பில் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் அது பக்கம் முழுக்க எழுத்தை ஒரே நேரத்தில் கொட்டி மிரட்டியது. அப்போதுதான் மகள் இந்த வாசிக்கும் விளையாட்டைக் கணினியில் போட்டுக் கொடுத்தாள். அது ஒரு வரி காட்டும், பிறகு சும்மா இருக்கும். நான் எழுத்துக் கூட்டி முடித்துப் பொத்தானை அழுத்துகிற வரைக்கும் விளக்குக்காரி அதே படியில், அதே வாளியோடு, முகம் சுளிக்காமல் நிற்பாள். என் வாழ்க்கையில் எனக்காக அப்படிக் காத்திருந்த பெண் வேறு யாரும் இல்லை. (இதை உங்கள் மாமியாரிடம் சொல்ல வேண்டாம்.)

இன்னொன்று. முப்பது வருஷம் லிஃப்டில் நின்றவன் நான். எந்த மாடி என்று மற்றவர்களைக் கேட்பதுதான் என் வேலை. உனக்கு எந்த மாடி என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. இந்த விளையாட்டு கேட்டது. ரொட்டிக்கடைப் பெண்ணோடு போகிறாயா, டாக்டரம்மாவோடு போகிறாயா, விளக்குக்காரியோடு போகிறாயா என்று கேட்டது. நான் யோசித்து, தண்ணீர் குடித்து, மறுபடி யோசித்து, விளக்குக்காரி என்றேன்.

உங்கள் அனிமே யாரையும் கேட்கவில்லை. நடுவில் எந்த மாடியிலும் நிற்காத லிஃப்ட் மாதிரி விர்ரென்று போகிறது. சரி, போகட்டும். ஆனால் கதாநாயகனுக்கு ஒரு முகம் வைத்திருக்கிறீர்களே, அது யார் முகம்? விளையாட்டில் அவனுக்கு முகமும் கிடையாது, குரலும் கிடையாது, ஏனென்றால் அவன் நான். இப்போது அவனுக்கு நெற்றியில் விழும் முடி இருக்கிறது. அந்த முடி உங்கள் கல்யாணப் போட்டோவில் இருக்கிறது. உங்கள் தலையில்தான் இப்போது இல்லை. சந்தேகம் வருமா வராதா?

முதல் பகுதியில் அந்தப் பையன் ரொட்டிக்கடைப் பெண்ணுக்குக் குடை பிடிக்கிறான். இரண்டாவதில் டாக்டரம்மாவிடம், உன்னை மறக்க மாட்டேன் என்கிறான். மூன்றாவதில் விளக்குக்காரிக்காக அழுகிறான். அன்றைக்கே உங்களுக்குப் போன் போட்டேன்.

“என்ன மாப்பிள்ள, நல்ல பையன இப்படி ஊர் சுத்தவிட்டுட்டீங்க?”

“மாமா, விளையாட்டுல அது மூணு தனித்தனிக் கதை. ஒருத்தி கதைய முடிச்சுட்டு முதல்லேருந்து ஆரம்பிச்சாத்தான் அடுத்தவ. இங்க மொத்தமே பன்னெண்டு பகுதி. எல்லாத்தையும் ஒருத்தன் தலையிலதான் கட்டணும்.”

“அவன் நல்லவன்னு பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?”

“அவன் மனசுக்குள்ள பக்கம் பக்கமா நினைக்கிறான் மாமா. நீங்க படிச்சீங்க. படத்துல நினைப்ப எப்படிக் காட்டறது? கடலப் பாத்துக்கிட்டு நிக்கவெச்சிருக்கேன்.”

கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் எதை வேண்டுமானாலும் நினைக்கலாம், மாப்பிள்ளை. மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக்கூட நினைக்கலாம். இப்படி இருந்தால் பார்க்கிறவனுக்கு அவன்மேல் எப்படி நம்பிக்கை வரும்?

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என் மகளுக்கு விளையாட்டில் பிடித்தவள் ரொட்டிக்கடைப் பெண். படத்தில் பையன் அவளுக்குப் பிடிக்கிற அந்தப் பச்சைக் குடை உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மூன்றாவது பகுதியிலேயே விளக்குக்காரி மூழ்கிவிட்டால் யாருக்குப் பாதை சுத்தமாகும்? நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. குடை தொங்குகிறது என்று மட்டும் சொல்கிறேன். உங்கள் மாமியார்மீதும் எனக்கு ஒரு கண் உண்டு. விளக்குக்காரி மூழ்கும்போது நான் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன். அவள் மட்டும், இது என்றைக்கோ தெரிந்த விஷயம் என்பதுபோல, தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது என் ஆதாரத்தைச் சொல்கிறேன். புயல் வருகிறது. விளையாட்டு கேட்கிறது: படகை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போகிறாயா, விடியும்வரை கரையில் காத்திருக்கிறாயா? எத்தனை தடவை விளையாடினாலும் நான் படகைத்தான் எடுப்பேன். மனுஷன் வேறென்ன செய்வான்? உடனே திரை கறுப்பாகி ஒரு வரி வரும். நான் எழுத்துக் கூட்டுவதற்குள், “கண்ணு செவந்துபோச்சு, போய் முகத்தக் கழுவிட்டு வாங்க” என்பாள் உங்கள் மாமியார். கழுவிவிட்டு வந்தால் விடிந்திருக்கும். விளக்குக்காரி மேலே கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவைகூட இது தப்பியதில்லை.

உங்கள் படத்திலும் பையன் அதே படகைத்தான் எடுக்கிறான். அவனைத் தேடிக்கொண்டு அவள் கடலில் இறங்கிப் போய்விடுகிறாள். அதே பொத்தான், வேறு மாடி. எந்த லிஃப்ட் இப்படிச் செய்யும்? யாரோ பொத்தானுக்குப் பின்னால் கம்பியை மாற்றி இணைத்திருக்கிறார்கள். மூன்றாவது பகுதி திங்கட்கிழமையோடு முடிவாகிவிடும், அப்புறம் மாற்ற முடியாது என்று மகள் சொன்னாள். அதற்குள் அவளைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒளிபரப்பு அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு உங்கள் மாமியார் மட்டும்தான் வருவாள். நான் வர மாட்டேன்.

மற்றபடி நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கண் கெடாமல், உங்களுக்குப் போன முடி திரும்பவும் வந்து, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மாமனார்.
(இது கைநாட்டு இல்லை, நானே போட்ட கையெழுத்து.)

பின்குறிப்பு: தப்பு இருந்தால் திருத்தச் சொல்லி இந்தக் கடிதத்தை உங்கள் மாமியாரிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். எழுத்தில் ஒரு தப்பும் இல்லை என்றாள். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மாப்பிள்ளைய விடுங்க. படகெடுத்தா அவ சாவா. விளையாட்டுலயும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் உங்க கையாலதான் செத்தா.”

“அப்ப காலையில கண்ணாடி தொடச்சது யாரு?”

“நீங்க முகம் கழுவப் போன நேரத்துல நான் விளையாட்டப் பின்னால கொண்டுபோய், காத்திருக்கறேன்னு மாத்தி அழுத்திட்டு வெப்பேன்.”

“ஏன் சொல்லல?”

“அவ செத்தது தெரிஞ்சா படிக்கறதையே விட்டுருவீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?”

எனக்காகக் காத்திருந்தவளைப் பற்றி மேலே எழுதியதையும் படித்திருப்பாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகவே மூன்றாவது பகுதியில் கை வைக்க வேண்டாம். குடை விஷயத்தையும் மறந்துவிடவும். உங்கள் வேலையின் கஷ்டம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. நான் பார்த்த கதையைப் படமாக எடுக்க வேண்டுமென்றால், பார்க்கிறவன் ஒவ்வொருவன் பக்கத்திலும் உங்கள் மாமியாரை உட்காரவைக்க வேண்டும். அத்தனை மாமியாருக்கு எங்கே போவீர்கள்?

நாளை மத்தியானம் நான் தனியாகப் புயலுக்குப் போகிறேன். கரையில் நின்று காத்திருக்க எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தான் அந்தப் பக்கமே வரப்போவதில்லை என்று உங்கள் மாமியார் சொல்லிவிட்டாள். விளக்குக்காரி பிழைத்தாளா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.