ஒன்பது பாட்டில், நான்கு அறை

மரியே துணை

மாரண்டஹள்ளி,
14.2.1986

அன்பு மகள் ராஜமேரிக்கு, அப்பா ஸ்தனிஸ்லாஸ் வெட்கத்துடன் எழுதுவது. இங்கு உன் அம்மா சாலம்மாள் நலம். மாடும் கன்றும் நலம். தக்காளிக்கு இரண்டாம் தண்ணீர் விட்டாயிற்று. ஹாஸ்டலில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

உன் கடிதம் நேற்று வந்தது. பிராணி சேகரிப்புக்கு முப்பதுக்கு நாலு மார்க் என்றும், புரொபசர் அம்மா வகுப்பில் உன்னை எழுப்பி நிறுத்தி, "மூணு வருஷம் விலங்கியல் படிச்சவ அடுக்கினதா இது?" என்று கேட்டதாகவும், நான் அடுக்கியது இப்படியில்லை என்று நீ அழுதும் நம்பவில்லை என்றும், படிப்பே வேண்டாம், ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், "வழியில யாராச்சும் பெட்டியைத் தொட்டாங்களாப்பா?" என்று கேட்டிருந்தாய். உன் அம்மா அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். மாடு குடிச்சு முடிச்சு அசைபோட்டுக்கிட்டு படுத்துடுச்சு, நான் வூட்டுக்குள்ள வரல.

தொட்டது நான்தான் கண்ணு.

நீ தக்காளிப் பெட்டியில் நாலு அறை தடுத்து, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி, ஒன்பது பாட்டிலையும் சீட்டு ஒட்டி வைத்துவிட்டுப் போனாய். பரீட்சை அன்னிக்குப் பெட்டியைக் காலேஜுக்குக் கொண்டாங்க, பரீட்சை முடிஞ்சு நான் வர்ற வரைக்கும் திறக்காதீங்கப்பான்னு சொல்லிட்டும் போனாய். நானும் மடியிலயே வெச்சுக்கிட்டுதான் பஸ்ஸுல உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல பாலக்கோட்டு பட்டுக்கூடு வியாபாரி வெங்கடாசலம்னு ஒருத்தரு. "தக்காளிங்களா?"ன்னு கேட்டாரு. அது ஒண்ணுதான் கேட்டாரு. எனக்குப் பொறுக்கல. எம் பொண்ணு காலேஜுல முதுகெலும்பு இல்லாத பிராணிங்களை எல்லாம் ஆராய்ச்சி பண்றான்னு டிரைவருக்கே கேக்கறாப்பல சொல்லி, பெட்டி மூடியைத் திறந்து, நண்டு பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். தொப்பூர் வளைவுல பஸ் சாய்ஞ்சுது. பாட்டில் மூடி கழண்டு, பிராணி அழுகாம இருக்க நீ ஊத்தி வெச்ச அந்த ஃபார்மலின் தண்ணி அத்தனையும் மத்த பாட்டில் மேல கொட்டிடுச்சு. நான் பதறிப்போய் ஒவ்வொண்ணா வெளிய எடுத்துத் துண்டால துடைச்சேன். சீட்டு எல்லாம் துண்டோட வந்துடுச்சு. அந்த நெடியில பஸ்ஸே கண்ணீர் வுடுது. அடுத்த ஸ்டாப்புல ஏறினவங்க, "யாருங்க செத்தது?"ன்னு விசாரிச்சாங்க. கண்டக்டர் என்னை எறக்கி வுட்டுட்டாரு. பாவம் வெங்கடாசலம், எனக்காக அவரும் எறங்கினாரு.

டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து நானே அடுக்கினேன். மண்புழுவையும் அட்டையையும் 'வளைதசைப் புழுக்கள்' அறையில வெச்சேன். அட்டை இருக்கற எடத்துல மரவட்டையும் இருக்கணும், பேரைப் பார்த்தாலே பங்காளின்னு தெரியுதேன்னு அதையும் வெச்சேன். பட்டுப்புழுவையும் அங்கேயே வெச்சேன். வெங்கடாசலம் மெதுவா சொன்னாரு:

"ஏனுங்க, அது கூட்டைப் பொத்துக்கிட்டு பூச்சியா வெளிய வருதுங்க. இருவது வருசமா பாக்கறனுங்க."

"பேருலயே புழுன்னு இருக்குதுங்களே!"

"இருக்குதுங்க. ஆனா…"

"படிக்கிற பொண்ணுக்கு அப்பன் நானுங்களா, நீங்களா?"

அவரு எந்திரிச்சு, என் டீக்கும் சேர்த்துக் காசு குடுத்துட்டு வேற பஸ்ஸுல போயிட்டாரு.

நண்டும் நத்தையும் ஒரே வயல்ல கெடக்குது, உள்ள கறி மெதுவாத்தான் இருக்கும்னு 'மெல்லுடலிகள்' அறையில வெச்சேன். எட்டுக்கால் பூச்சிக்குக் கால் நெறைய இருக்குதேன்னு 'கணுக்காலிகள்'ல வெச்சேன். 'முட்தோலிகள்'னு இருந்த அறைக்கு, உடம்பெல்லாம் முள்ளா இருக்குதேன்னு கம்பளிப்பூச்சியை வெச்சேன். மிச்சம் நட்சத்திர மீன். மீனுக்கு முள்ளு உண்டே, முதுகெலும்பு இல்லாததுங்களோட இதை ஏன் வெச்சுது இந்தப் பொண்ணு, மார்க் போயிடுமேன்னு, உன் தப்பைத் திருத்தறதா நெனச்சு அதை எடுத்து என் பையில போட்டுக்கிட்டேன். இப்ப அது நம்ம வூட்டுல மாதா படத்துக்குக் கீழ இருக்குது. உன் அம்மா அதுக்கும் சேர்த்து மெழுகுவத்தி ஏத்தறா.

இவ்வளவும் முட்டாள்தனம். அடுத்தது பாவம். காலேஜுல புரொபசர் அம்மா பெட்டியைப் பார்த்துக் கண்ணாடியைக் கழட்டிட்டு, "இது ராஜமேரி அடுக்கினதுதானா?"ன்னு கேட்டாங்க. அந்த முகத்தைப் பார்த்ததுமே எங்கேயோ தப்பாயிடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும், "ஆமாங்கம்மா, அவ கையாலயேங்க"ன்னு சொன்னேன். பஸ்ஸுல பீத்திக்கிட்டு நின்னதைச் சொல்ல நாக்கு எழும்பல. நீ பரீட்சை முடிஞ்சு வர்றதுக்குள்ள ஓடியாந்துட்டேன்.

ஆகவே மகளே, இந்தக் கடிதத்தைப் புரொபசர் அம்மாவிடம் காட்டவும். குற்றம் முழுவதும் என்னுடையது என்று இதையே சாட்சியாக வைத்துக்கொள்ளவும். நேரில் வந்து சொல்ல என்னால் ஆகாது. படிப்பை மட்டும் விட்டுவிடாதே. மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும். உன் அம்மா முத்தங்கள் அனுப்புகிறாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

உன் அப்பா,
ஸ்தனிஸ்லாஸ்

பி.கு.: இதைத் தபாலில் போடலை. கையோட கொண்டாந்து, இந்த நாலு வரியை மட்டும் பென்சிலால உங்க ஹாஸ்டல் கேட்டுல நின்னு எழுதறேன். உன் அம்மாகிட்ட சொல்லிட்டேன், ஒரு வாரத்துக்கு எனக்குச் சோறு கெடைக்குமான்னு தெரியல. புரொபசர் அம்மாவைப் பார்த்து, நட்சத்திர மீனை மேசை மேல வெச்சு, எல்லாத்தையும் சொல்லிட்டேன். "பட்டுப்புழு பூச்சி தானுங்களாம்மா?"ன்னு கேட்டேன். ஆமான்னாங்க. பெட்டியை நாளைக்கு அவங்க எதிர்லயே நீ அடுக்கணுமாம், மார்க்கைத் திருத்திப் போடறாங்களாம். நான் வெங்கடாசலத்தோட வூட்டைத் தேடிக்கிட்டு பாலக்கோடு போவணும். அதுக்கு முன்னாடி நீ வெளிய வந்து என்னைத் திட்டிட்டுப் போ கண்ணு, வாட்ச்மேன் அஞ்சு நிமிஷம்தான் குடுத்திருக்காரு.