பெர்லின் வண்டிக்கு ஜன்னலோரம் சொன்ன யோசனை

ஐரோப்பாவில் எந்த ரயிலில் எந்த சீட்டில் உட்கார வேண்டும் என்பது ஐரோப்பாக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. தெரிந்த ஒரே மனிதர் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராக இருந்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஜன்னலோரம். ரூம் கேட்டு வருகிறவர்களிடம்கூட "ஜன்னலோரமாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியை எடுப்பார்.

மனிதர் ரயில் ஏறியதே இல்லை. பஸ்சும் ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே போனாலும் கீழ்பென்னாத்தூர் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். மாமியார் வீடு அங்கேதான். மனைவியை பஸ்சில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு போவார்.

லாட்ஜில் தங்கிய வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ரயில் அட்டவணைப் புத்தகங்களை அட்டை கிழியும்வரை படித்தவர் அவர். ஒரு பௌர்ணமி அன்று ரூமுக்காகக் கூட்டம் முட்டி மோதுகிறது. இவர் ஒரு ஜெர்மன்காரரைப் பிடித்து நிறுத்தி, வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் ரிசர்வ் செய்யாமல் ஏறாதே என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் நாட்டில் அது கட்டாயமில்லையே என்றார் அந்த ஆள்.

"கட்டாயமில்லதான். அதனாலதான் எல்லாரும் நின்னுக்குனு போறீங்க!"

இரண்டு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஒரு கார்டு வந்தது. 'நின்றேன்' என்று ஒரே வார்த்தை. அதைக் கண்ணாடி போட்டு அண்ணாமலையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்கும் யோகம் அடித்தது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்த மகள் என்னையும் என் மனைவி மல்லிகாவையும் கூப்பிட்டாள். பெர்லினும் பார்க்கலாம், ரயில் பாஸ் ஃபர்ஸ்ட் கிளாஸா செகண்ட் கிளாஸா, சீட் ரிசர்வ் செய்யட்டுமா என்று கேட்டாள். ஜன்னலோரத்திடம் போனேன்.

"செகண்ட் கிளாஸே போதும் சார். ஆனா ரெண்டு சீட்டையும் ரிசர்வ் பண்ணிடுங்க. பாஸ் வெச்சிக்குனு ஏறலாம், அவ்ளோதான். உக்கார்றது தனிக் கணக்கு. அம்மாவுக்கு வேற முட்டி வலி. நாலு மணி நேரம் எப்படி நிப்பாங்க?"

"யோவ், பௌர்ணமி பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டே சீட் புடிச்சவன்யா நான்."

"அங்க ஜன்னல் தொறக்காது சார்."

கீழ்பென்னாத்தூர் தாண்டாத ஆள் எனக்குப் பாடம் எடுப்பதா என்று ரோஷம் வந்துவிட்டது. ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸே வாங்கினேன். ரிசர்வேஷன் வேண்டவே வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி ஏறினோம். மெத்தென்ற சீட். காலை நீட்டி, "பாத்தியா?" என்று மல்லிகாவைப் பார்த்தேன். அதற்குள் ஒரு தம்பதி வந்து எங்கள் தலைக்கு மேலே செருகியிருந்த சின்ன ரிசர்வேஷன் காகிதத்தைக் காட்டினார்கள். எழுந்தோம். அடுத்த சீட்டிலும் காகிதம், அதற்கடுத்ததிலும் காகிதம். வண்டி வேறு ஆடியது. மல்லிகா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் கைப்பையிலிருந்து நிதானமாக ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"வாங்க, செகண்ட் கிளாஸுக்குப் போலாம். அவரு வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. நீங்க கேக்க மாட்டீங்கனு நான்தான் பொண்ணு கிட்ட சொல்லி ரிசர்வ் பண்ணேன்."

"நீ மகராசி! எங்க, என் சீட்டு நம்பர் என்ன?"

"ஒண்ணுதாங்க போட்டேன். உங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ் இருக்குதே!"

செகண்ட் கிளாஸிலும் எள் போட்டால் கீழே விழாது. பெர்லின்வரை ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவள் சீட்டின் முதுகைப் பிடித்தபடி நின்றேன். அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஊர் திரும்பியதும் லாட்ஜுக்குப் போனேன். ஜன்னலோரம் வாசலுக்கே ஓடி வந்தார்.

"அம்மா உக்காந்தாங்களா?"

"ஜம்முனு உக்காந்தா."

"நீங்க சார்?"

"பக்கத்துலயேதான்."

"அப்பாடா! நீங்க பாட்டுக்கு ரோஷத்துல ஏறிட்டு, ரெண்டு பேரும் எங்கியாவது நின்னுக்குனு கெடக்கறீங்களோனு எனக்கு சோறே எறங்கல சார்."

நான் நின்ற கதையைக் கேட்டிருந்தால் அவர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்க மாட்டார், வருத்தப்பட்டிருப்பார். அந்த நல்ல மனிதரை வருத்தப்பட வைக்க எனக்கு மனசு வரவில்லை. மல்லிகாவிடமும் சொல்லிவைத்தேன், அவரிடம் மூச்சு விடாதே என்று.